டி.எஸ்.எச். நார்மல், ஆனால் அண்ணியின் உடம்பு நார்மலாக இல்லை: வேறென்ன பார்க்கணும்?

தேனிமலை:
எல்லாருக்கும் வணக்கம். அண்ணிக்காகக் கேட்கிறேன். வயசு 34. ரெண்டாவது குழந்தைக்கு இப்போ மூணு வயசு. அந்தப் பிரசவத்துக்கு அப்புறம் ஆளே மாறிட்டாங்க. காலையில பாத்திரம் கழுவி முடிக்கிறதுக்குள்ள தரையில உட்கார்ந்துடுறாங்க. சித்திரை வெயில்லயும் போர்வை கேட்குறாங்க. தோல் வறண்டு போச்சு, மலச்சிக்கல், பேச்சுகூட இழுத்து இழுத்து வருது.

இதெல்லாம் தைராய்டு குறைவோட அறிகுறின்னு படிச்சுட்டு டி.எஸ்.எச். பார்த்தோம். 2.8. லேப் தாள்ல 0.4 முதல் 4.5 வரைக்கும் நார்மல்னு போட்டிருக்கு. பக்கத்து கிளினிக்ல "தைராய்டு எல்லாம் இல்ல, மனசுதான் காரணம், நல்லாத் தூங்குங்க"ன்னு சத்து மாத்திரை எழுதிக் கொடுத்துட்டாங்க. அண்ணி அதுக்கப்புறம் தன்னையே சந்தேகப்பட ஆரம்பிச்சுட்டாங்க, சோம்பேறியாயிட்டேனோன்னு அழறாங்க. எனக்கு அதுதான் தாங்கல.

இந்த ஒரு எண்ணை வச்சு தைராய்டு இல்லைன்னு முடிவு பண்ணிடலாமா?

நொய்யல்கரை:
பெரும்பாலும் முடிவு பண்ணலாம் சகோதரி. ஏன் என்று சொல்கிறேன்.

டி.எஸ்.எச். தைராய்டு சுரப்பது அல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரந்து, தைராய்டை வேலை வாங்க அனுப்புவது. மாடித் தொட்டியில் மிதவை வைத்து மோட்டார் ஓட்டுகிறோமே, அந்த மாதிரி. தைராய்டு சுரக்கும் தைராக்சின் ரத்தத்தில் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறும், நிறைந்தால் இறங்கும். அந்த ஏற்ற இறக்கமும் ரொம்பக் கூர்மையானது. தைராக்சின் பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். ஏறக்குறைய 100 மடங்கு ஏறும் என்பது பாடநூல் கணக்கு. அதனால்தான் தைராக்சின் அளவு இன்னும் நார்மல் எல்லைக்குள் இருக்கும்போதே டி.எஸ்.எச். காட்டிக் கொடுத்துவிடும். உலகம் முழுக்க முதல் டெஸ்ட்டாக இதை வைத்திருப்பதும் அதனால்தான்.

2.8 என்றால் தைராய்டு நன்றாக இருக்கிறது என்றுதான் எடுத்துக்கொள்வேன். ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி, சர்க்கரை பார்த்தாச்சா?

சோதனைக்குழாய்:
லேப்பில் வேலை பார்க்கிறவன் என்ற முறையில் ஒரு கேள்வி. முடி கொட்டுகிறது என்று பயோட்டின் மாத்திரை ஏதாவது சாப்பிட்டார்களா? 5 மில்லிகிராம், 10 மில்லிகிராம் என்று கடையில் சாதாரணமாகக் கிடைக்கிறது. பல கருவிகள் பயோட்டின் பிணைப்பை வைத்துத்தான் ஹார்மோனை அளக்கின்றன. ரத்தத்தில் பயோட்டின் மிதந்தால் டி.எஸ்.எச். உள்ளதைவிடக் குறைவாகவும், டி4 (தைராக்சின்) கூடுதலாகவும் காட்டும். டெஸ்ட்டுக்குக் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். எங்களிடம் வருகிறவர்களில் இதைத் தானாகச் சொல்கிறவர் மிகக் குறைவு, ஏனென்றால் அதை யாரும் மருந்தாக நினைப்பதில்லை.

எடுத்த நேரமும் முக்கியம். டி.எஸ்.எச். நள்ளிரவுக்குப் பின் உச்சத்துக்குப் போய் பிற்பகலில் தாழும். அடுத்த முறை ஃப்ரீ டி4, அதாவது ரத்தத்தில் எதோடும் ஒட்டாமல் இருக்கும் தைராக்சின் அளவையும் சேர்த்துக் கேளுங்கள்.

தேனிமலை:
பயோட்டின் எதுவும் இல்லங்க. காலையில 7 மணிக்கு வெறும் வயித்துல எடுத்தது. ஹீமோகுளோபின் 10.2. சர்க்கரை குறைவாத்தான் இருக்கு, 68.

வெண்சங்கு:
நான் பொது மருத்துவம் பார்க்கிறேன். முகம் பார்க்காமல் நோய் சொல்ல முடியாது, சொல்லவும் மாட்டேன். ஆனால் உங்கள் முதல் பதிவில் "அந்தப் பிரசவத்துக்கு அப்புறம்" என்று எழுதியிருக்கிறீர்கள். அதை யாரும் தொடவில்லை. நான்கு விஷயங்களைக் கேட்டுச் சொல்லுங்கள்.

அந்தப் பிரசவத்தில் ரத்தப்போக்கு அதிகமாக இருந்ததா, ரத்தம் ஏற்றினார்களா? குழந்தைக்குத் தாய்ப்பால் வந்ததா? மாதவிலக்கு திரும்பி வந்ததா? அக்குள் முடி குறைந்திருக்கிறதா? கடைசிக் கேள்வியை நீங்களே தனியாகக் கேளுங்கள், கூச்சப்படுவார்கள்.

தேனிமலை:
டாக்டர், கேட்டுட்டு வந்தேன். கை நடுங்குது எழுதும்போது.

ரத்தப்போக்கு ரொம்ப இருந்துச்சு, மயங்கிட்டாங்க, ராத்திரியோட ராத்திரியா ரத்தம் ஏத்தினாங்க. பால் வரவே இல்ல. பூண்டு, சுறாப்புட்டு, பால் சுறா கருவாடு எல்லாம் கொடுத்துப் பார்த்தோம். "ஒழுங்கா சாப்பிடல, அதான் பால் இல்ல"ன்னு வீட்டுல எல்லாரும் அவங்களத்தான் சொன்னாங்க. மாதவிலக்கு வரவே இல்லையாம், ரத்தம் நிறைய போனதால அப்படின்னு நினைச்சுக்கிட்டாங்களாம். நீங்க கடைசியா கேட்டதும் ஆமா.

இது நாலும் ஒண்ணுக்கொண்ணு சம்பந்தம் உள்ளதா?

வெண்சங்கு:
சம்பந்தம் இருக்கலாம், அதனால்தான் கேட்டேன். முதலில் இதை உங்கள் அண்ணியிடம் சொல்லுங்கள்: பால் வராததற்கு அவர் சாப்பிட்ட சாப்பாடு காரணமாக இருந்திருக்க வாய்ப்பில்லை. இப்போதைய சோர்வும் சோம்பேறித்தனமாக இருக்க வாய்ப்பில்லை.

கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரியின் முன்பகுதி பெரிதாகிறது. பாலைச் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனைத் தரும் செல்கள் பெருகுவதால் வரும் வளர்ச்சி அது. ஆனால் அதற்கு ரத்தம் வரும் வழி பெரிய தமனி அல்ல. பிட்யூட்டரிக்கு மேலே மூளையில் இருக்கும் ஹைப்போதலாமஸிலிருந்து இறங்கும் குறைந்த அழுத்தச் சிரைகள் வழியாகத்தான் பெரும்பகுதி வருகிறது. பெருத்த சுரப்பி, மெல்லிய ஓட்டம். அந்த நேரத்தில் பிரசவ ரத்தப்போக்கால் ரத்த அழுத்தம் சரிந்தால் முன்பகுதி செல்கள் மடிந்துபோகக்கூடும். 1937-இல் பிரிட்டிஷ் நோயியல் மருத்துவர் ஹரோல்ட் ஷீஹன் இதை விவரித்தார். ஷீஹன் நோய்க்குறி என்றே சொல்கிறோம். பிரசவ ரத்தப்போக்கை உடனே கட்டுப்படுத்தும் வசதி கூடிய நாடுகளில் இது அரிதாகிவிட்டது. நம் நாட்டில் இன்னும் பார்க்கிறோம். பார்க்கும்போது பெரும்பாலும் பல ஆண்டுகள் கடந்திருக்கும்.

இனி ஒவ்வொன்றாகப் பாருங்கள். நஞ்சுக்கொடி வெளியேறியதும் புரோஜெஸ்டிரான் விழும், அப்போது புரோலாக்டின் பாலைச் சுரக்க வைக்கும். அந்தச் செல்களே இல்லையென்றால் பால் வராது, இதுதான் முதல் அறிகுறி. சினைப்பையைத் தூண்டும் எல்.எச்., எஃப்.எஸ்.எச். இரண்டும் அங்கிருந்துதான் வருகின்றன. அவை நின்றால் மாதவிலக்கு நிற்கும். சிறுநீரகத்தின் மேல் இருக்கும் அட்ரீனல் சுரப்பியைத் தூண்டும் ஏ.சி.டி.எச். நின்றால் அது சுரக்கும் கார்ட்டிசாலும் ஆண்பால் ஹார்மோன்களும் குறையும்: சோர்வு, தாழ்ந்த ரத்த அழுத்தம், குறைந்த சர்க்கரை, அக்குள் முடி உதிர்வு. நீங்கள் எழுதிய 68 எனக்கு ஏற்கெனவே உறுத்திக்கொண்டிருக்கிறது. டி.எஸ்.எச். தளர்ந்தால் குளிர் தாங்காமை, மலச்சிக்கல், இழுக்கும் பேச்சு. தைராய்டு, அட்ரீனல், சினைப்பை மூன்றும் நன்றாகவே இருக்கலாம். அவற்றை ஏவும் சுரப்பிதான் அடிபட்டிருக்கிறது என்பது என் ஐயம்.

அதனால் இந்த வாரமே ஒரு நாளமில்லாச் சுரப்பி நிபுணரிடம் போங்கள். மதுரை அரசு மருத்துவமனை மாதிரி பெரிய இடத்தில் பார்க்கலாம். காலை 8 மணி கார்ட்டிசால், ஃப்ரீ டி4, புரோலாக்டின், எல்.எச்., எஃப்.எஸ்.எச்., சோடியம், பொட்டாசியம் பார்ப்பார்கள். இடையில் வாந்தி, காய்ச்சல், மயக்கம், குழப்பமான பேச்சு எது வந்தாலும் காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குப் போய், பிரசவ ரத்தப்போக்கு விவரத்தை முதல் வாக்கியமாகச் சொல்லுங்கள்.

இன்னொன்று. யாராவது "அறிகுறி பொருந்துதே, தைராய்டு மாத்திரை போட்டுப் பாருங்க" என்று சொன்னால் போடாதீர்கள்.

நொய்யல்கரை:
டாக்டர், இரண்டு சந்தேகம். பிட்யூட்டரியே அடிபட்டது என்றால் டி.எஸ்.எச். பூஜ்யத்தை ஒட்டி அல்லவா இருக்க வேண்டும், 2.8 எப்படி வந்தது? அப்புறம், தைராக்சின் குறைவாக இருக்கிறவருக்குத் தைராக்சின் கொடுத்தால் என்ன தப்பு?

வெண்சங்கு:
இரண்டும் நல்ல கேள்விகள்.

முதலாவது. லேப் கருவி டி.எஸ்.எச். மூலக்கூறு எத்தனை இருக்கிறது என்று அளக்கிறது. அது வேலை செய்கிறதா என்று அளப்பதில்லை. அந்த மூலக்கூறில் ஒட்டியிருக்கும் சர்க்கரைச் சங்கிலிகள் சரியாக அமைந்தால்தான் அது தைராய்டைத் தூண்டும். பிட்யூட்டரியோ ஹைப்போதலாமஸோ பழுதானால் சங்கிலிகள் மாறிப்போன, வலுவில்லாத டி.எஸ்.எச். வெளியே வரும். எண் நார்மலாகவோ, சற்றுக் கூடுதலாகக்கூடவோ இருக்கும். அதைவிட முக்கியம்: தைராக்சின் குறைந்திருக்கும் ஒருவருக்கு டி.எஸ்.எச். ஏறியிருக்க வேண்டும். அவருக்கு 2.8 என்பது நார்மல் அல்ல, போதாத அளவு. உங்கள் மிதவை உவமை மிதவை நன்றாக இருக்கும்வரைதான் செல்லும். எந்த ஹார்மோன் எண்ணையும் அதற்கு எதிர்ப்பக்கத்தில் இருக்கும் ஹார்மோனோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும். டி.எஸ்.எச். என்றால் டி4, ஏ.சி.டி.எச். என்றால் கார்ட்டிசால், பாராதைராய்டு சுரக்கும் பி.டி.எச். என்றால் கால்சியம்.

இரண்டாவது. தைராக்சின் உடம்பின் இயக்கத்தை முடுக்குகிறது, கூடவே கல்லீரல் கார்ட்டிசாலை உடைத்து அகற்றும் வேகத்தையும் கூட்டுகிறது. கார்ட்டிசால் நன்றாகச் சுரப்பவருக்கு அட்ரீனல் அதை ஈடுகட்டிவிடும். ஏற்கெனவே கொஞ்சம்தான் இருக்கிறது என்றால் அந்தக் கொஞ்சமும் போய், ரத்த அழுத்தம் சரிந்து, உயிருக்கே ஆபத்து வரலாம். அதனால் முதலில் கார்ட்டிசால், பிறகுதான் தைராக்சின். இந்த வரிசையை மாற்றக் கூடாது.

பழையபேட்டை:
ஓய்வு பெற்ற விலங்கியல் ஆசிரியன். வகுப்பில் பிட்யூட்டரியைத் "தலைமைச் சுரப்பி" என்று பல ஆண்டு சொல்லிக்கொடுத்தோம். அதற்கும் மேலே ஒரு கட்டளை இருக்கிறது என்று நிறுவுவதற்கு எவ்வளவு பாடு பட்டார்கள் என்பதைப் பிள்ளைகள் தெரிந்துகொள்ள வேண்டும் என்று எனக்கு எப்போதும் ஆசை.

ஹைப்போதலாமஸ் ஏதோ ஒரு பொருளை அந்தச் சிரைகள் வழியாகப் பிட்யூட்டரிக்கு அனுப்புகிறது என்ற கருத்தை இங்கிலாந்தின் ஜெஃப்ரி ஹாரிஸ் முன்வைத்தார். பொருளைக் கண்ணால் காட்ட வேண்டுமே? அமெரிக்காவில் ரோஜர் கியுமின் ஆட்டு மூளைகளையும் ஆண்ட்ரூ ஷாலி பன்றி மூளைகளையும் இறைச்சிக்கூடங்களிலிருந்து லட்சக்கணக்கில் வாங்கி, ஹைப்போதலாமஸை மட்டும் வெட்டியெடுத்து வடித்தார்கள். கையில் கிடைத்தது மில்லிகிராம் கணக்கில்தான். முன்பு சேர்ந்து வேலை செய்த இருவரும் பிறகு கடும் போட்டியாளர்கள். 1969-இல் இரண்டு குழுவும் ஒரே முடிவுக்கு வந்தன: டி.எஸ்.எச்.சைச் சுரக்கச் சொல்லி ஹைப்போதலாமஸ் அனுப்பும் டி.ஆர்.எச். என்பது வெறும் மூன்று அமினோ அமிலங்கள் சேர்ந்த சிறு மூலக்கூறு. 1977-இல் நோபல் பரிசை இருவரும் பகிர்ந்துகொண்டார்கள். அதே ஆண்டு அதே பரிசின் மறுபாதி ரோசலின் யாலோவுக்கு. ரத்தத்தில் துளியினும் துளியாக இருக்கும் ஹார்மோனைக் கதிரியக்கத்தின் துணையோடு அளக்கும் முறையை சாலமன் பெர்சனோடு சேர்ந்து உருவாக்கியவர் அவர். தம்பி சோதனைக்குழாய் இன்று பார்க்கும் வேலைக்கு அடிப்படை அதுதான். பெர்சன் 1972-லேயே இறந்துவிட்டதால் பரிசு அவருக்குக் கிடைக்கவில்லை.

கம்பங்கொல்லை:
இவ்வளவு பேசுறீங்க, யாரும் உப்பைப் பத்திப் பேசலையே. அயோடின் கலந்த பாக்கெட் உப்பு வந்ததுக்கு அப்புறம்தான் வீட்டுக்கு ஒரு தைராய்டு நோயாளி. இந்துப்பு, கம்பு, கேழ்வரகுன்னு மாறுங்க. அவங்க அண்ணியும் அப்படி மாறினா சரியாயிடும்.

பழையபேட்டை:
ஐயா, உங்கள் அக்கறை புரிகிறது. ஆனால் இந்தப் பெண்ணுக்கு இருக்கும் தொல்லையில் உப்புக்கு இடமே இல்லை.

உப்பைப் பற்றிக் கேட்டதால் சொல்கிறேன். இமாச்சலத்தின் காங்ரா பள்ளத்தாக்கில் கழுத்துக் கழலை ஊர் ஊராக இருந்தது. 1956-இல் தொடங்கி மருத்துவர் ராமலிங்கசுவாமி குழுவினர் அந்தப் பகுதியை மூன்றாகப் பிரித்தார்கள். இரண்டு பகுதிக்கு அயோடின் சேர்த்த உப்பு, நடுப்பகுதிக்குச் சாதாரண உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் கிடைத்த இரண்டு பகுதிகளிலும் கழலை நன்றாகக் குறைந்தது, நடுப்பகுதியில் அப்படிக் குறையவில்லை. பிறகு அவர்களுக்கும் கொடுத்தார்கள். இந்த ஆய்வின் பலத்தில்தான் 1962-இல் தேசியக் கழலைக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. காப்பாற்றப்பட்டது கழுத்து மட்டுமல்ல. தாய்க்கு அயோடின் கடுமையாகக் குறைந்தால் வயிற்றுப் பிள்ளையின் மூளை வளர்ச்சியே குன்றும்.

அயோடின் போதுமான அளவுக்கு உயரும்போது தைராய்டைத் தாக்கும் எதிர்ப்புப் பொருள்கள் சிலருக்குக் கூடுவது உண்மை. அதை மறைக்கத் தேவையில்லை. அதற்காக இந்துப்புக்கு மாறினால் அயோடின் கிட்டத்தட்ட இல்லாமல் போகும். வயது வந்தவருக்கு ஒரு நாளைக்கு 150 மைக்ரோகிராம் வேண்டும், கர்ப்பிணிக்கு 250.

கம்பு நல்ல தானியம், நானும் சாப்பிடுகிறேன். ஆனால் அயோடின் குறைந்த சூடானின் டார்ஃபூர் பகுதியில், கம்பையே முக்கிய உணவாகக் கொண்டவர்களுக்குக் கழலை கூடியதில் கம்புக்கும் பங்குண்டு என்று ஆய்வாளர்கள் கண்டார்கள். அயோடின் இல்லாத உப்பையும் மூன்று வேளை கம்பையும் சேர்த்துப் பரிந்துரைக்காதீர்கள்.

மாத்திரைப்பெட்டி:
மருந்துக்கடை வைத்திருக்கிறேன். டாக்டர் சொன்ன "முதலில் கார்ட்டிசால்" என்பதை இன்றைக்குத்தான் காரணத்தோடு தெரிந்துகொண்டேன். பழைய சீட்டைக் காட்டி "தைராய்டு மாத்திரை 50 கொடுங்க, தங்கச்சிக்கும் அதே மாதிரி இருக்கு" என்று கேட்கிறவர்கள் உண்டு. நான் கொடுப்பதில்லை.

தைராக்சின் சாப்பிடுகிறவர்களுக்காக: வெறும் வயிற்றில் தண்ணீரோடு மட்டும். அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி. சுண்ணாம்புச் சத்து மாத்திரைக்கும் இரும்புச் சத்து மாத்திரைக்கும் 4 மணி நேர இடைவெளி. கர்ப்பிணிகள் மூன்றையும் ஒரே வாயில் போடுவதைப் பார்க்கிறேன், தைராக்சின் உடம்பில் சேராமலே போய்விடும். அளவு மாற்றினால் 6 முதல் 8 வாரம் கழித்துத்தான் மறுபடி டெஸ்ட். தைராக்சின் ரத்தத்தில் பாதியாகவே ஒரு வாரம் ஆகிறது, அதற்குள் பார்த்தால் பழைய அளவும் புதிய அளவும் கலந்துதான் தெரியும்.

மூட்டுவலிக்கு, மூச்சிரைப்புக்கு என்று ஸ்டீராய்டு மாத்திரையை மாதக்கணக்கில் சாப்பிடுகிறவர்களும் இதைப் படிக்க வேண்டும். வெளியிலிருந்து ஸ்டீராய்டு வந்துகொண்டே இருந்தால் பிட்யூட்டரி ஏ.சி.டி.எச். அனுப்புவதை நிறுத்திவிடும், அட்ரீனல் சுருங்கிவிடும். திடீரென்று நிறுத்தினால் உடம்பு தானாகச் சுரக்கப் பல மாதம்கூட ஆகலாம். மருத்துவர் சொல்கிறபடி படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும்.

தேனிமலை:
எல்லாருக்கும். ரிசல்ட் வந்துடுச்சு. காலை கார்ட்டிசால் ரொம்பக் குறைவு. ஃப்ரீ டி4 குறைவு. புரோலாக்டின், எல்.எச்., எஃப்.எஸ்.எச். எல்லாமே குறைவு. சோடியம் 126, பொட்டாசியம் நார்மல். எம்.ஆர்.ஐ.யில பிட்யூட்டரி இருக்க வேண்டிய குழி கிட்டத்தட்ட காலியா இருக்கு. ஷீஹன்தான்னு நிபுணர் சொன்னாங்க. அன்னிக்கே அட்மிட் பண்ணி, கார்ட்டிசாலுக்குப் பதிலா கொடுக்கிற ஹைட்ரோகார்ட்டிசோன் மருந்தை ஆரம்பிச்சாங்க. சில நாள் கழிச்சுத்தான் தைராக்சின் சேர்த்தாங்க, வெண்சங்கு டாக்டர் சொன்ன அதே வரிசை.

நேத்து அண்ணி மாடிக்குத் துணி காயப் போடப் போனாங்க. அம்மா அவங்க கையைப் பிடிச்சுக்கிட்டு, பால் விஷயத்துல பேசினதுக்காக ரொம்ப நேரம் அழுதாங்க.

சோடியம் குறைஞ்சும் பொட்டாசியம் ஏன் மாறலன்னு அண்ணன் கேட்கச் சொன்னார். அட்ரீனல் பிரச்சினைன்னா பொட்டாசியம் ஏறும்னு எங்கேயோ படிச்சாராம்.

வெண்சங்கு:
மிகவும் மகிழ்ச்சி. அண்ணன் படித்தது அடிசன் நோயைப் பற்றி. அதில் அட்ரீனலே பழுதாகும், கார்ட்டிசாலோடு, பொட்டாசியத்தைச் சிறுநீரில் வெளியேற்றும் ஆல்டோஸ்டிரோனும் போகும், அதனால் பொட்டாசியம் ஏறும். ஆல்டோஸ்டிரோனை முக்கியமாக ஏவுவது பிட்யூட்டரி அல்ல, சிறுநீரகத்தில் பிறக்கும் ரெனின். அதனால் ஷீஹனில் அது தப்பித்துவிடுகிறது. சோடியம் இறங்கியது வேறு வழியில்: கார்ட்டிசால் குறைந்தால் நீரைத் தேக்கும் ஹார்மோன் கூடுகிறது, உடம்பில் நீர் தங்கி சோடியம் நீர்த்துப்போகிறது. நிறத்திலும் வேறுபாடு உண்டு. அடிசனில் ஏ.சி.டி.எச். எகிறுவதால் ஈறும் உள்ளங்கை ரேகையும் கறுக்கும். ஷீஹனில் அது இல்லாததால் தோல் வெளிறும். அண்ணி வெளுத்துவிட்டார் என்று யாராவது சொல்லியிருப்பார்களே?

கார்ட்டிசால் விடியலில் உச்சம், நள்ளிரவில் அடிமட்டம். அதை ஒட்டித்தான் ஹைட்ரோகார்ட்டிசோனைக் காலையில் அதிகமாகவும் பிற்பகலில் குறைவாகவும் கொடுக்கிறோம். காய்ச்சல் வந்தால் ஆரோக்கியமான உடம்பு தானே கூடுதலாகச் சுரந்துகொள்ளும், இவருக்கு அது நடக்காது. காய்ச்சல் நாளில் அளவை இரட்டிப்பாக்கச் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். வாந்தியால் மாத்திரை தங்கவில்லை என்றால் 100 மில்லிகிராம் ஊசி உடனே தேவை. பல் பிடுங்குவதானாலும் அறுவை சிகிச்சையானாலும் முன்கூட்டியே சொல்ல வேண்டும். இதை ஒரு அட்டையில் எழுதிப் பர்ஸில் வைத்திருக்கட்டும். மாதவிலக்கு ஹார்மோன்களைப் பற்றி நிபுணர் அடுத்த முறை பேசுவார், எலும்புக்காகவும் அது வேண்டும்.

சோதனைக்குழாய்:
ஒரு வேண்டுகோள். இனி தைராய்டு டெஸ்ட் கொடுக்கும்போதெல்லாம் சீட்டில் "பிட்யூட்டரி குறைபாடு" என்று எழுதச் சொல்லுங்கள். மாத்திரை சாப்பிடும்போது இவருக்கு டி.எஸ்.எச். அடியில்தான் கிடக்கும். விவரம் தெரியாதவர் பார்த்தால் தைராக்சின் அதிகமாகிவிட்டது என்று அளவைக் குறைத்துவிடுவார். இவருக்குப் பார்க்க வேண்டியது ஃப்ரீ டி4 மட்டுமே, அதையும் காலை மாத்திரை போடுவதற்கு முன் எடுக்க வேண்டும்.

தேனிமலை:
குறிச்சு வச்சுக்கிட்டேன் அண்ணா. கடைசியா ஒண்ணு. ஐப்பசியில அண்ணி சஷ்டி விரதம் இருப்பாங்க, ஆறு நாளும் ஒருவேளைதான் சாப்பாடு. இந்த வருஷமும் இருக்கணும்னு சொல்றாங்க. இருக்கலாமா?

வெண்சங்கு:
இந்த வருடம் வேண்டாம். சோடியமும் சர்க்கரையும் இப்போதுதான் நிலைக்கு வருகின்றன. அடுத்த வருடம் நிபுணரைக் கேட்டு முடிவு செய்யட்டும். எந்த விரதத்திலும் ஹைட்ரோகார்ட்டிசோனை ஒரு வேளைகூட விடக் கூடாது. கோயிலுக்குத் தாராளமாகப் போய் வரட்டும், மாத்திரையும் அட்டையும் கைப்பையில் இருக்கட்டும்.